காற்று நுழையாத வீடுகள்

நவம்பர் 9, ஞாயிறு

தெர்மோகோல் கம்பெனிக்காரன் பொங்கலுக்கு முன் கொடுத்த டைரி. பத்து மாதம் மேசைக்குள் சும்மா கிடந்தது. இனிச் சீசன். எந்த வீட்டில் என்ன சொல்லி வேலை பிடித்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. ஆளுக்கு ஒன்று சொல்லி மாட்டிக்கொள்வதைவிட எழுதிவைப்பது மேல்.

தொழில், குளிர் அடைப்பது. ஊட்டியில் இப்படிச் சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது. முதலில் காளான் கொட்டகைகளுக்குத்தான் செய்துகொண்டிருந்தேன். சுவரில் தெர்மோகோல், அதன்மேல் சில்வர் ஷீட், இடுக்குகளில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம். ஒரு மார்கழியில் காளான்காரர் ஒருவர், "சென்னியப்பா, எங்க ஊட்டு ஆளுகளைவிடக் காளான் சொகமாத் தூங்குது" என்று சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இந்த மலையில் காளான் கொட்டகை எத்தனை, வீடு எத்தனை? லாரி கிளீனராக மலை ஏறியவன் சொந்தக் கடை வைத்தது அந்த ஒரு பேச்சில்தான்.

மகள் கௌசல்யா வந்துவிட்டாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஸ்வெட்டருக்குள் கையைக் கட்டியபடியே டீ குடித்து, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டார்.

"பச்ச ஒடம்புக்கும் பச்சக் கொழந்தைக்கும் இந்தக் குளுரு ஆகுமுங்களா? அங்கயே வெச்சுப் பாத்திருக்கலாம்" என்று சரசா காலையிலிருந்து அனத்துகிறாள்.

"உம்பட புருசன் என்ன வியாபாரம் பண்றான்னு நெனப்பு இருக்குதா?" என்று கேட்டேன்.

தெருப்பக்கத்து அறையை அவளுக்காக ஃபிளாஸ்க் மாதிரி ஆக்கிவிடப் போகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

நரிக்கொம்பையில் வேலை தொடங்கியது. கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்கிறவர்களின் வரிசை வீடுகள், பதினொன்று. பலகைச் சுவர், தகரக் கூரை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும். குளிர்காலத்தில் இவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டதற்கு, "தூங்கினோம்னு உங்களுக்கு யாரு சொன்னது" என்றாள் ருக்கு.

இந்த ருக்குதான் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தவள். மகளிர் குழுத் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். புருசன் மாதேஷும் அவளும் கேரட் கழுவுகிறார்கள். பனித்தண்ணீரில் நின்று நின்று இருவர் கையும் வெந்த மாதிரி சிவந்திருக்கிறது. குழுவில் கடன் எடுத்துப் பதினொரு வீட்டையும் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தது அவள் வாய்தான்.

என் பங்குக்கு ஊதுபத்தி. இது என் வழக்கமான முறை. பலகை இடுக்கில் ஊதுபத்தியைப் பிடிப்பேன், புகை தலைதெறிக்க ஓடும். "இது புகையில்லீங்க, உங்க ஊட்டுச் சூடு ஓடுது" என்பேன். வேலை முடித்த பிறகு அதே இடத்தில் பிடிப்பேன். புகை நூல் மாதிரி நேராக ஏறும். "ஊதுபத்தி ஆடுச்சுன்னா எனக்குக் கூலி வேண்டாம்." இதற்குமேல் எந்த விளம்பரமும் தேவைப்பட்டதில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஆறு வீடு முடிந்தது. மழை. ஃபோம் காயமாட்டேன் என்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

பதினொன்றும் முடிந்தது. கூரைக்குக் கீழே சீலிங், சுவர் நான்கும் மூடியாயிற்று, மேலே காற்றுக்காக விட்டிருந்த திறப்புகளையும் அடைத்தாயிற்று, கதவுக்கடியில் ரப்பர் பட்டை. லாரன்ஸ் கதவைச் சாத்தினால் காதுக்குள் 'கப்'பென்று ஒரு அடைப்பு விழுகிறது. எட்டு வருடமாக என்னோடு இருக்கிறான், இவனைப்போல இடுக்கு விடாமல் அடைக்கிறவன் இந்த மலையில் இல்லை.

இரண்டு வீட்டில் தலைவலி என்றார்கள். காலையில் எழுந்தால் மண்டை கனக்கிறதாம், மத்தியானத்துக்குள் சரியாகிவிடுகிறதாம். பசை வாசம், ஒரு வாரத்தில் போய்விடும் என்றேன்.

கௌசிக்குக் கால் வீக்கம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சரசா குறைக்கிற மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

லாரன்ஸ் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான்.

நரிக்கொம்பையில் ருக்கு வீட்டுக் கோழிகள் செத்துவிட்டனவாம். குளிருக்குப் பயந்து கோழியைக் கூடையில் மூடி வீட்டுக்குள் வைப்பது அங்கே பழக்கம். கரிச்சட்டியும் உள்ளேதான். சீகை மரக் கரியைப் பற்றவைத்து, மேலே சாம்பலைத் தூவி மூடி, கட்டிலுக்குக் கால்மாட்டில் வைத்துக்கொள்வார்கள். விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். சட்டிக்குப் பக்கத்தில் இருந்த கோழிகள் காலையில் கூடையைத் தூக்கினால் விறைத்துக் கிடக்கின்றன. ருக்குவுக்கும் மாதேஷுக்கும் அன்றைக்கு வாந்தி. முந்தின நாள் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

"கோழிச் சீக்கு ஊரு பூரா இருக்குதுடா" என்றேன்.

"அண்ணா, சீக்குக் கோழிக்கு. வாந்தி மனுசனுக்கு. ரெண்டும் ஒரே காலைலயா?"

"கொழம்பு."

"கோழி கொழம்பு சாப்பிடாதுங்கண்ணா."

இந்தப் பயலுக்கு வாய் கூடிப்போயிற்று. கதவு ரப்பர் பட்டை மிச்சம் இருந்தால் ஸ்டாக்கில் ஏற்று என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 1, திங்கள்

கௌசி அறையில் காற்றுக்கு இரண்டு ஓட்டை போட்டோம். மேலே சீலிங்குக்குக் கீழே ஒன்று, கட்டிலுக்குப் பின்னால் தரையை ஒட்டி ஒன்று. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே கெட்ட காற்று போக வேண்டும், ஒன்றிருந்து ஒன்றில்லாவிட்டால் பிரயோஜனமில்லை. காளான் கொட்டகைக்கு நான் எப்போதும் இப்படித்தான் விடுவேன். காளான் மூச்சு விடும், காற்று மாறாவிட்டால் படுக்கையே அழுகிவிடும். காளான்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். வீட்டுக்காரர்கள் யாரும் கேட்டதில்லை.

ஆயில் ஹீட்டர் ஒன்றும் வாங்கிவந்தேன். கரிச்சட்டி, சாம்பிராணிச் சட்டி எதுவும் இந்த அறைக்குள் வரக்கூடாது என்று சரசாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"பெத்தவளுக்குச் சாம்பிராணி போடாம எப்படீங்க?"

"வாசல்ல போடு."

"எதுக்குங்க செவுத்துல ஓட்ட?"

"நாளைக்கு ஏசி போட்டா உதவும்."

"ஊட்டில ஏசியா" என்று சிரித்துக்கொண்டே போனாள். கௌசியும் சிரித்தாள்.

லாரன்ஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. "அப்ப நரிக்கொம்பைக்கு எப்பண்ணா?" என்றான்.

"பாக்கலாம்."

டிசம்பர் 4, வியாழன்

நரிக்கொம்பை போனேன். காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். கிளம்பும்போது ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார். நாற்பது காட்டேஜ் அடைக்கப் போகிறார்களாம், முடித்த வேலை ஏதாவது பார்க்க வேண்டுமாம். ஒரே பயணம், இரண்டு வேலை என்று அவர் காரிலேயே போனேன்.

ருக்கு குழாயடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடவே நான்கைந்து பெண்கள்.

"வாங்க மொதலாளி. கூட யாரு, ரெண்டாவது மாப்பிள்ளையா?"

"எனக்கு ஒரே பொண்ணுதான். வாய வெச்சுட்டுச் சும்மா இருக்கமாட்டியே."

மேனேஜர் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார். "நிஜமாவே சூடா இருக்கா?" என்று கேட்டார்.

"ராத்திரி போர்வைய ஒதைச்சுத் தள்றோம் சார். இவரு" என்று புருசனைக் காட்டினாள், "கல்யாணமான நாள்லருந்து குல்லா போட்டுத்தான் தூங்குவாரு. இப்பத்தான் மண்டைல முடியிருக்குதுன்னே எனக்குத் தெரியும்."

மாதேஷ் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். மேனேஜரும் சிரித்தார். கட்டிலுக்குக் கால்மாட்டில் கரிச்சட்டி இருந்தது.

"ருக்கு, அந்தச் சட்டிய உள்ள வெக்காத" என்றேன். "வெச்சாலும் ஜன்னல ஒரு கை அகலம் தொறந்து வெய்யி."

"ஜன்னலத் தொறக்கறதுக்கா மொதலாளி இவ்வளவு பண்ணினோம்?"

"இல்லாட்டி லாரன்ஸ அனுப்பறேன். சின்னதா ரெண்டு ஓட்டை போட்டுத் தருவான்."

"அடைக்கறதுக்கு ஒரு கூலி, தொறக்கறதுக்கு ஒரு கூலி. நல்ல பொழப்புதான் போங்க" என்றாள். வாசலில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். செவந்தி என்கிற ஒருத்தி, "ஊதுபத்தி ஆடுமே மொதலாளி, கூலியத் திருப்பித் தருவீங்களா?" என்றாள்.

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். "எதுக்கு சார் ஓட்டை? ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்லீங்க. பசை வாசம் போறதுக்கு."

"அது எப்பவோ போயிருச்சே" என்றாள் ருக்கு.

நானும் சிரித்தேன். கோழிகள் எதனால் செத்தன என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்ல மிச்சம் இருந்தது. மேனேஜர் காரில் ஏறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என் பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பெண் குழந்தை. சுகப்பிரசவம். சரசாவின் நெற்றி. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்து, குளிரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

முதல் உறைபனி. புல்வெளியெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. டெம்போ கண்ணாடியைச் சுடுதண்ணீர் ஊற்றித்தான் கழுவ முடிந்தது.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. மேல் ஓட்டையில் கை வைத்துப் பார்த்தேன், காற்று சீராக வெளியே போகிறது.

நரிக்கொம்பையைப் பற்றி யோசித்தேன். வீடு சூடாக இருந்தால் யாராவது சட்டி வைப்பார்களா? வேண்டியதில்லை. இரண்டு நாள் வைப்பார்கள், புழுக்கமாக இருந்தால் தாங்களே எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். கரி என்ன சும்மாவா கிடைக்கிறது? மனிதர்கள் முட்டாள்கள் இல்லை. இருந்தாலும் நாளைக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

போக முடியவில்லை. ரிசார்ட்டில் அளவெடுப்பு. முடிந்து வந்தால் குழந்தைக்குச் சளி என்று சரசா பயமுறுத்திவிட்டாள். சளி இல்லை, தும்மல்.

டிசம்பர் 17, புதன்

நரிக்கொம்பையிலிருந்து போன். கிளம்புகிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

ருக்கு இறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கேரட் லாரி விடியலுக்குள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும், அதனால் கழுவுகிற வேலை நடுச்சாமத்திலேயே தொடங்கிவிடும். மாதேஷ் மட்டும் வேலைக்குப் போயிருக்கிறான். போகும்முன் சட்டியில் புதுக் கரி போட்டு, ஊதிக் கனிய வைத்து, அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கதவை இழுத்துச் சாத்தினானாம். குளிர் போகக்கூடாதே என்று ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தானாம். இதை அவன் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் டீ வாங்கிக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறான்.

முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. கன்னம் சிவந்து, காய்ச்சல் விட்டுத் தூங்குகிற மாதிரி கிடந்தாள்.

போலீஸ் வந்தது. "கரிச்சட்டிய வெச்சுக்கிட்டு ரூமை மூடலாமா? வருசா வருசம் சொல்றோம், எவன் கேக்கறான்?" என்று வாசலில் நின்றவர்களைச் சத்தம் போட்டார் எஸ்.ஐ. பிறகு சுவரைப் பார்த்தார். இந்த வேலை யார் செய்தது என்று கேட்டார்.

"இவருதாங்க" என்றான் மாதேஷ். "நல்லா பண்ணிக் குடுத்தாரு. அவ கடைசி வரைக்கும் குளுரில்லாமத்தான் இருந்தா."

எஸ்.ஐ. தலையாட்டிவிட்டு, போலீஸ் குடியிருப்பிலும் குளிர் தாங்கவில்லை என்று சொல்லி என் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

மாலை நான்தான் வாங்கிப் போனேன். பெரிய மாலை. சட்டியை இனி யாரும் உள்ளே வைக்கக்கூடாது என்று போலீஸே சொல்லிவிட்டது. அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

டிசம்பர் 19, வெள்ளி

கடை திறந்தேன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

லாரன்ஸ் வந்தான். உட்காரவில்லை. கடைச் சாவியை மேசையில் வைத்தான்.

"நாளைக்கு ரிசார்ட் வேலடா" என்றேன்.

"நீங்க பாத்துக்கங்கண்ணா."

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்றியா?"

"இல்லீங்கண்ணா." சாவியை என் பக்கம் நகர்த்தினான். "பதினொரு வீட்டையும் எங் கையாலதான் அடைச்சேன். ஒரு இடுக்கு விடலே. நீங்க பாராட்டினீங்க."

"நாமளா சட்டி வெக்கச் சொன்னோம்?"

"கௌசி அக்கா ரூமுக்கு ஓட்டை போட்டதும் எங் கையாலதான். மாதேஷண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். அவங்களுக்குத் தெரியணுமில்ல."

"என்னன்னுடா சொன்னே?"

"போட்டோம்னு சொன்னேன். எப்பன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன்."

அவன் போன பிறகு ரிசார்ட் மேனேஜருக்குப் போன் செய்து, ஆள் பற்றாக்குறை, ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றேன். சரி என்றார். காட்டேஜுக்குக் காற்று ஓட்டை வைத்துத்தான் அடைப்பேன் என்றும் சொன்னேன். "அதுக்குத் தனி ரேட்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

டிசம்பர் 24, புதன்

கடும் பனி. வெளிக்குழாய் உறைந்து வெடித்துவிட்டது. நரிக்கொம்பையில் என்ன செய்கிறார்களோ தெரியவில்லை. யாரும் போன் செய்யவில்லை. லாரன்ஸ் எடுக்கவில்லை.

டிசம்பர் 27, சனி

மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் பேச்சுக் குரல். நரிக்கொம்பைப் பெண்கள், ஏழெட்டுப் பேர். எல்லோரும் குளித்து, நல்ல சேலை கட்டி, சால்வை போர்த்தி வந்திருந்தார்கள். கையில் சோப்பு, பவுடர், கம்பளிச் சட்டை.

"கொழந்தையப் பாக்க வந்தோம்" என்றாள் செவந்தி.

சரசா என்னை உள்ளே இழுத்துக் காதில், "எழவு வீட்டுப் பக்கத்துலருந்து வர்றாங்க, பச்சக் கொழந்தைங்க" என்றாள். சொந்தக்காரர்கள் இல்லையே, தீட்டு எதுவும் இல்லை, விடு என்றேன். வேறென்ன சொல்வது?

கௌசி அறையில் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி வாங்கிக் கொஞ்சினார்கள். அம்மா மாதிரியா அப்பா மாதிரியா என்று பேசினார்கள். பால் ஊறுகிறதா, பூண்டு கொடுக்கிறீர்களா என்று ஒருத்தி விசாரித்தாள். நான் கதவருகே நின்றிருந்தேன். காபி வந்தது, குடித்தார்கள்.

"ரூம் வெதுவெதுன்னு இருக்குதுங்கம்மா" என்றாள் செவந்தி. தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். சீலிங்குக்குக் கீழே இருந்த ஓட்டையைப் பார்த்து, கால் விரலில் எம்பி, உள்ளங்கையை அதன்முன் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நகர்ந்து, அடுத்தவளுக்கு இடம் விட்டாள். ஒவ்வொருத்தியாக எழுந்து கையை நீட்டிப் பார்த்தார்கள். குட்டையான ஒருத்திக்கு எட்டவில்லை. செவந்தி அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள்.

"அது ஏசிக்குங்க" என்றாள் சரசா, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

குழந்தையின் கையில் ஆளுக்கொரு நோட்டை வைத்து மடக்கிவிட்டு வெளியே வந்தார்கள். செருப்பு மாட்டும்போது செவந்தி என் பக்கம் திரும்பினாள்.

"கொழந்த நல்லா இருக்குது மொதலாளி. பத்தரமாப் பாத்துக்கிட்டீங்க."

அவ்வளவுதான். வரிசையாகப் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

கௌசி கேட்டாள், யார் இவர்கள், ஏன் சுவரையே பார்த்தார்கள் என்று. சொன்னேன். பொய் சேர்க்காமல் சொன்னேன். அவள் மடியில் விழுந்து கிடந்த நோட்டுகளைப் பொறுக்கி என்னிடம் நீட்டினாள், திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி. பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்து, வண்டி எடுத்து வரச் சொன்னாள்.

"இருபது நாள் கொழந்தைய எடுத்துட்டு மலை எறங்குவியா?" என்று சரசா அழுதாள்.

"எறங்குவேன்மா."

டிசம்பர் 28, ஞாயிறு

டிரில்லிங் மெஷினையும் வட்டம் வெட்டும் பிளேடையும் எடுத்துக்கொண்டு தனியாக நரிக்கொம்பை போனேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என்று போனேன்.

தூரத்திலேயே தெரிந்தது. வாசல்களுக்கு முன்னால் தெர்மோகோல் துண்டும் சில்வர் ஷீட்டும் சிதறிக் கிடந்தன. பதினொரு வீட்டிலும், உத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே, கடப்பாரையால் இடித்த ஓட்டை. கோணல் மாணலாக, தலை நுழைகிற அளவுக்கு. அவர்களே செய்துகொண்டிருக்கிறார்கள். மேலே மட்டும்.

கீழே ஒரு வீட்டிலும் இல்லை. நேற்று அவர்கள் பார்த்தது மேல் ஓட்டையைத்தான். கீழே உள்ளது கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது, யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மாதேஷ் வாசலில் குந்தி உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். என் கையிலிருந்த மெஷினைப் பார்த்தான்.

"இங்க உங்களுக்கு வேல இல்லீங்க" என்றான்.

"மாதேஷு, மேல மட்டும் இருந்தாப் பத்தாது. கீழயும் ஒண்ணு வேணும். கீழ வழியாக் காத்து உள்ள வந்தாத்தான் மேல வழியாப் போகும்."

அவன் விறகைப் பிளந்தான். அவன் வீட்டுக்குள் கட்டில் இல்லை. சட்டி இருந்தது.

"சட்டிய இன்னும் உள்ளயா வெக்கறீங்க?"

"ஓட்டைதான் போட்டாச்சே" என்றது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல். "பனி கொட்டுதில்ல. பின்ன எப்படித் தூங்கறது?"

"அது போதாதும்மா. நான் சொல்றதக் கேளு. நானே போட்டுத் தர்றேன், அஞ்சு நிமிசம். காசு கீசு ஒண்ணும் வேண்டாம்."

செவந்தி வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னைக்கு எதுக்குன்னு கேட்டதுக்குப் பசை வாசம்னீங்க. இன்னைக்குக் கீழ ஒண்ணு வேணுங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"எம் பொண்ணு ரூம்ல கீழயும் இருக்குது. கட்டிலுக்குப் பின்னாடி. வந்து பாரு."

"பாத்துட்டுத்தான வந்தோம்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாரன்ஸ் சொன்னால் கேட்பார்கள். அங்கேயே நின்று போன் செய்தேன், எடுக்கவில்லை. கீழேயும் ஓட்டை வேண்டும், நீயாவது வந்து சொல் என்று அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். கதவைத் தட்டி, திறக்காவிட்டால் கதவைப் பார்த்தே சொன்னேன். கீழே ஒரு ஓட்டை போடுங்க, தரையை ஒட்டி, ஒரு சாண் போதும். இரண்டாவது வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். நான்காவது வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து, போதையில், யாருடா நீ என்றார். அவரிடமும் சொன்னேன். சரி சரி என்றார். எட்டாவது வீட்டுக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது, புல் வெளுக்கத் தொடங்கியது. கூரைக்குக் கீழே இடித்த ஓட்டைகளில் பழைய துணி திணிக்கிறார்கள். உள்ளே யாரோ கரி ஊதுகிற சத்தம் கேட்டது. இன்னும் மூன்று வீடு இருக்கிறது.

இதை டெம்போவுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கை விறைக்கிறது. அந்த மூன்றையும் முடித்துவிட்டு, திரும்ப முதல் வீட்டிலிருந்து தட்ட வேண்டும்.